திருகோணமலைத் துறைமுக நகரின் கட்டடங்களும் நிழற்படச் சான்றும்

ஒரு நகரத்தின் வரலாற்றை ஆராய முற்படுவோர் இருவகைச் சான்றுகளை நாடுவது வழக்கம். ஒன்று இலக்கியச் சான்று. மற்றையது தொல்பொருட் சான்று. தல புராணங்களும் கல்வெட்டுப் பாடல்களும் அந்நியர் எழுதிய வரலாற்று நூல்களும் முதல்வகையின. இடிபாடுகளும் சாசனங்களும் நாணயங்களும் இரண்டாம் வகையின. இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தோன்றிய ஒரு சான்று உண்டு. அதுவே நிழற்படம். எழுத்தைப் போல அது ஏட்டில் நிற்கிறது. கல்லைப் போலப் பொருளின் வடிவத்தைக் காட்டுகிறது. கட்டடம் மறைந்த பின்னரும் அதன் உருவத்தைப் பேணும் ஆற்றல் அதற்கு உண்டு. ஆயினும், ஈழத்துத் தமிழர் வரலாற்றாய்விலே நிழற்படம் பெரும்பாலும் நூலுக்கு அழகூட்டும் பொருளாகவே கருதப்பட்டு வந்துள்ளது. சான்றாக மதிக்கப்பட்டது குறைவு.

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய பழைய நகர்ப்பகுதி இவ்விடயத்தை ஆராய்வதற்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டாகும். இலங்கையில் இத்துணைச் சிறிய நிலப்பரப்பில் இத்துணைப் பலமுறை கட்டுதலும் இடித்தலும் நிகழ்ந்த இடங்கள் மிகச் சிலவே. அந்நகரின் கட்டடங்கள் எவ்வாறு பதிவு செய்யப்பட்டன, எவை பதிவாகாது விடப்பட்டன, எஞ்சியிருப்பவற்றை எவ்வாறு பதிவு செய்யவேண்டும் என்னும் மூன்று வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நகரின் அமைப்பு

திருகோணமலை நகர் கடல் சூழ்ந்ததொரு கழுத்துப் போன்ற நிலத்தில் அமைந்தது. மேற்கே இயற்கை அரணாக விளங்கும் உட்துறைமுகம். கிழக்கே திறந்த வங்கக் கடல். கிழக்குக் கரையிலிருந்து கடலுள் நீண்டு செல்லும் குன்றின் உச்சியில் கோணேசர் ஆலயம் உள்ளது. அக்குன்று தொடங்குமிடத்தைக் குறுக்கே மறித்து நிற்பது பிரெட்ரிக் கோட்டை. ஆலயத்துக்குச் செல்வோர் எவராயினும் கோட்டை வாயிலினூடாகவே செல்லவேண்டும். கோட்டைக்கு வெளியே திறந்த வெளியும், அதனருகே பத்திரகாளி அம்மன் கோயிலும், அப்பால் கடைவீதிகளும் குடிமனைகளும் அமைந்தன. உட்துறைமுகத்தின் கிழக்குக் கரையிலே கடற்படைத் தளமும், அதன் வாயிலைக் காக்கும் உயர்ந்த முனையிலே ஒஸ்ரன்பேர்க் கோட்டையும் உள்ளன.

இவ்வமைப்பிலே நகரின் வரலாறு முழுவதும் அடங்கியுள்ளது எனலாம். மலை வழிபாட்டுக்குரியது, துறைமுகம் போருக்கும் வாணிகத்துக்கும் உரியது, இரண்டுக்கும் நடுவே வாழ்ந்தவர்கள் நகர மக்கள். மலையையும் துறைமுகத்தையும் பற்றி எழுதியோரும் வரைந்தோரும் பலர். நடுவே வாழ்ந்த மக்களின் வீதிகளையும் வீடுகளையும் பதிவு செய்தோர் சிலரே. இவ்வேறுபாடு நிழற்படங்களிலும் தொடர்வதைப் பின்னர்க் காணலாம்.

நிழற்படத்துக்கு முந்திய பதிவுகள்

கோணமாமலையின் சிறப்பை ஏழாம் நூற்றாண்டிலே திருஞானசம்பந்தர் பதிகம் பாடிப் போற்றினார். பிற்காலத்தே எழுந்த தக்கிண கைலாச புராணமும் கோணேசர் கல்வெட்டும் ஆலயத்தின் தோற்றம், குளக்கோட்டன் செய்த திருப்பணி, ஆலயத் தொழும்பாளரின் கடமைகள் முதலியவற்றை விரித்துரைக்கின்றன. நிலாவெளியிலே கண்டெடுக்கப்பட்ட சாசனம் ஆலயத்துக்கு 250 வேலி நிலம் வழங்கப்பட்டமையைக் குறிப்பிடுகின்றது. கி. பி. 1223ஆம் ஆண்டுக்குரிய சோடகங்கனின் சமஸ்கிருதச் சாசனத் துண்டொன்றும் திருகோணமலையிலே கிடைத்துள்ளது. இச்சான்றுகள் யாவும் பெருங்கோயிலொன்று இருந்தமையை ஐயத்துக்கிடமின்றிக் காட்டுகின்றன. ஆனால் அக்கோயில் எவ்வாறு தோற்றமளித்தது, அதன் விமானம் எத்தகையது, தூண்கள் எம்மரபைச் சார்ந்தன என்ற வினாக்களுக்கு இவை விடை தருவன அல்ல. பாடல் பெருமையைச் சொல்லும். சாசனம் உரிமையைச் சொல்லும். வடிவத்தைச் சொல்வது இரண்டின் நோக்கமுமன்று.

1624ஆம் ஆண்டில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா ஆலயத்தை இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினான். இடிக்கப்பட்ட கோயிலின் அமைப்பைக் காட்டும் வரைபடமும் அங்கிருந்த கல்வெட்டொன்றின் பிரதியும் போர்த்துக்கலுக்கு அனுப்பப்பட்டனவென அறியப்படுகிறது. மலையடியிலும் இடையிலும் உச்சியிலுமாக மூன்று கோயில்கள் இருந்தமையைப் பாதிரியார் குவேறோஸ் 1687ஆம் ஆண்டளவில் எழுதி முடித்த தமது நூலிலே குறிப்பிடுகின்றார். ஆக, அப்பெருங்கோயிலைப் பற்றி எஞ்சிய நேரடியான கட்டடப் பதிவு அதனை இடித்தவர்கள் விட்டுச்சென்ற பதிவேயாகும். வழிபட்டோர் கோயிலை வரைந்து வைக்கவேண்டிய தேவையை உணர்ந்திருக்கவில்லை. அது என்றும் நிற்கும் என்பதே அவர்தம் நம்பிக்கை. இடிக்க வந்தவனுக்கோ தான் அழிப்பது இன்னதென்று தன் அரசனுக்குக் காட்டவேண்டிய தேவை இருந்தது. பதிவு செய்தல் என்பது அன்பினால் மட்டும் நிகழ்வதன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கோட்டையின் வாயிலருகே பதிக்கப்பட்டுள்ள கற்றூண் இவ்வரலாற்றின் எச்சமாகும். இணைக்கயல் உருவமும் சிதைந்த தமிழெழுத்துக்களும் அதிலே காணப்படுகின்றன. பறங்கியர் ஆலயத்தை இடிப்பர் என முன்னறிவிக்கும் செய்யுளென மக்கள் வழங்கிவரும் பாடலின் ஒரு பகுதியே அவ்வெழுத்துக்கள் என்பர். கல்லிலே இன்று எஞ்சியுள்ள எழுத்துக்கள் சில. வாய்மொழியிலே வழங்கும் பாடல் முழுமையானது. இரண்டுக்கும் இடையிலுள்ள வெளியை ஆய்வாளர் ஊகத்தினாலேயே நிரப்பி வந்துள்ளனர். எழுத்துக்கள் இன்னும் தெளிவாக இருந்த காலத்திலே எடுக்கப்பட்ட நல்ல நிழற்படமொன்று இருந்திருக்குமாயின், இவ்வாதங்களுட் பல எழுந்தேயிரா.

1639இல் ஒல்லாந்தர் கோட்டையைக் கைப்பற்றினர். பின்னர் அது கைவிடப்பட்டு, 1665ஆம் ஆண்டளவில் மீண்டும் ஒல்லாந்தராற் கட்டப்பட்டது. 1782ஆம் ஆண்டிலே சனவரி மாதம் பிரித்தானியரும் ஓகத்து மாதம் சவ்ரன் தலைமையிலான பிரெஞ்சுக்காரரும் அதனைக் கைப்பற்றினர். மீண்டும் ஒல்லாந்தர் கைக்குச் சென்ற கோட்டை 1795இல் பிரித்தானியர் வசமாயிற்று. 1803இல் யோர்க் கோமகனின் நினைவாகப் பிரெட்ரிக் கோட்டை என்னும் பெயரை அது பெற்றது. இக்காலப் பகுதியிலே ஒல்லாந்தர் வரைந்த கோட்டைப் படங்களும் துறைமுகப் படங்களும் பல. கடலின் ஆழம், பீரங்கிகள் நிற்குமிடம், மதிலின் கோணம் என்பன அவற்றிலே நுணுக்கமாகக் காட்டப்பட்டுள்ளன. 1808இல் இலண்டனிலே வெளியான சாமுவேல் டானியலின் இலங்கைக் காட்சிப் படங்களுள் ஒஸ்ரன்பேர்க்கிலிருந்து நோக்கிய துறைமுகக் காட்சியும் இடம்பெற்றுள்ளது. முன்னையவை படைத்துறையினரின் பார்வை. பின்னையது இயற்கையழகை நாடிய ஓவியனின் பார்வை. இரண்டிலும் நகர மக்களின் தெருக்கள் பின்னணிக் கோடுகளாகவே அமைந்தன.

நிழற்படக் கலையின் வருகை

1839இல் பாரிசிலே டகேரின் கண்டுபிடிப்பு உலகறிய வெளியிடப்பட்டது. கட்டடங்களே இப்புதிய கலைக்கு முதலில் அகப்பட்ட பொருள்களுள் முதன்மையானவை. காரணம் எளியது: அக்காலத்துத் தகடுகள் ஒளியை மெதுவாகவே ஏற்றன, அசையாது நிற்கும் பொருளே தெளிவாகப் பதிந்தது. 1851இல் பிரெஞ்சு அரசு ஐந்து நிழற்படக் கலைஞரை நாட்டின் பழைய கட்டடங்களைப் பதிவு செய்ய அனுப்பியது. 1860களிலே பாரிசின் பழைய வீதிகள் இடிக்கப்பட்டுப் பெருந்தெருக்கள் அமைக்கப்பட்டபோது, இடிக்கப்படவிருந்த வீதிகளைச் சார்ல்ஸ் மார்வில் படமெடுத்தார். கிளாஸ்கோ நகரிலும் 1868 முதல் தோமஸ் அனன் அவ்வாறே நெருக்கமான பழைய குடியிருப்புக்களைப் பதிவு செய்தார். இடிப்பதற்கு முன் படமெடுத்து வைத்தல் என்னும் வழக்கம் இவ்வாறு தோன்றியது. ஒரு நகரின் நடுப்பகுதியை நிழற்படமாக்குதல் என்பது தொடக்கத்திலிருந்தே இழப்போடு தொடர்புற்றதொரு பணியாகும்.

தமிழகத்திலே இக்கலையின் பயனை நன்கு காட்டியவர் லினேயஸ் டிரைப். சென்னை அரசின் நிழற்படக் கலைஞராக அவர் 1858இல் திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் முதலிய இடங்களிற் படங்கள் எடுத்தார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்திலே பொறிக்கப்பட்டுள்ள சாசனங்களை அவர் தொடர்ச்சியாகப் படமெடுத்து, 21 படங்களை ஒன்றோடொன்று இணைத்து நீண்ட ஒரே படமாக ஆக்கினார். கல்லெழுத்தை அதன் இடத்தோடும் கட்டடத்தோடும் சேர்த்துப் பதிவு செய்த அம்முயற்சி இன்றும் வியக்கத்தக்கது. ஆயினும் அடுத்த ஆண்டே சென்னை ஆளுநர் டிரெவெலியன் செலவு மிகுதியெனக் கருதி அப்பணியை நிறுத்த முடிவு செய்தார். அரசாங்கம் விரும்பினாற் பதிவு நிகழும். விரும்பாவிடின் நின்றுபோகும் என்னும் உண்மையை இது உணர்த்துகின்றது.

அக்காலத்து ஈரத்தகட்டு முறையின் இடர்ப்பாடுகளையும் இங்குக் கருதுதல் வேண்டும். கண்ணாடித் தகட்டின்மேல் கொலோடியன் என்னும் பசையைப் பூசி, வெள்ளியுப்புக் கரைசலிலே தோய்த்து, அது உலருமுன் படமெடுத்து, உடனே இருட்டிடத்திலே கழுவி முடிக்கவேண்டும். வெப்ப நாடுகளிலே சில நிமிடங்களுக்குள் தகடு உலர்ந்துவிடும். எனவே படப்பிடிப்பாளர் செல்லுமிடமெல்லாம் இருட்டுக் கூடாரம், கண்ணாடித் தகடுகள், மருந்துகள், நல்ல நீர் ஆகியவற்றைக் கொண்டுசெல்லவேண்டியிருந்தது. பாதை வசதியற்ற ஊர்கள் இயல்பாகவே விடப்பட்டன.

இலங்கையில் 1868இல் தொல்பொருள் ஆய்வுக்குழு அமைக்கப்பட்டதன் பின், யோசேப் லோட்டன் 1870, 1871ஆம் ஆண்டுகளில் அநுராதபுரம், மிகிந்தலை, பொலன்னறுவை, சிகிரியா ஆகிய இடங்களின் இடிபாடுகளைப் படமெடுத்தார். அப்படங்கள் இன்றும் அவ்விடங்களின் வரலாற்றுக்கு அடிப்படைச் சான்றுகள். காடு வெட்டப்படுவதற்கும் திருத்தவேலைகள் நடைபெறுவதற்கும் முன்னர் அக்கட்டடங்கள் இருந்த நிலையை அவற்றாலேயே அறியமுடிகிறது. திருகோணமலைக்கு அத்தகைய முறையான பதிவு கிடைக்கவில்லை. அங்கே நிற்கும் இடிபாடு என எதுவும் இருக்கவில்லை. கோயில் கடலுக்குள்ளும் கோட்டைச் சுவருக்குள்ளும் மறைந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியும் இடிபாட்டையே தொல்பொருளாளர் தேடினர். முற்றாக அழிக்கப்பட்டது, அழிக்கப்பட்டமையாலேயே, கவனிப்பாரின்றிப் போயிற்று.

கடற்படையினரின் பார்வை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்கீன், ஸ்கோவன், பின்னர்ப் பிளாத்தே முதலியோரின் நிழற்பட நிலையங்கள் கொழும்பையும் கண்டியையும் நடுவாகக் கொண்டு தொழில் நடத்தின. அவர்தம் படங்களை வாங்கியோர் தோட்டத்துரைமாரும் கப்பற் பயணிகளும் ஆவர். வாங்குவோர் விரும்பியவற்றையே அவர்கள் எடுத்தனர். புகையிரதப் பாதை 1920களின் பிற்பகுதியிலேதான் திருகோணமலையை அடைந்தது. அதுவரை அந்நகருக்குப் பெருந்தொகையாக வந்த வெளியார் கடற்படையினரே. எனவே நகரைப் பற்றிய பழைய படங்களுள் மிகுதியானவை கடற்படையினருக்காகவோ கடற்படையினராலோ எடுக்கப்பட்டவை. நங்கூரமிட்ட கப்பல்கள், மலைமீதிருந்து நோக்கிய துறைமுகம், கோட்டை, தளபதியின் மாளிகை, சுவாமிமலையின் செங்குத்தான பாறை என்பனவே அவற்றின் பொருள்கள்.

இப்படங்கள் பொய்யானவையல்ல. அவை காட்டுபவை யாவும் அங்கே இருந்தவைதாம். ஆயினும் படப்பெட்டி நின்ற இடத்தை ஆராயும்போது ஓர் உண்மை புலனாகும். அது பெரும்பாலும் உயரத்தில் நின்றது, அல்லது கப்பலில் நின்றது. வீதியில் நின்றது அரிது. பிரதான வீதியிலே வரிசையாக நின்ற ஓட்டுக்கூரைக் கடைகள், முன்விறாந்தை வைத்த வீடுகள், முருகைக்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய மதில்கள், சிவன் கோயிலை அடுத்த தெருக்கள், முசுலிம் வணிகரின் கடைகள், பள்ளிவாசல்கள் ஆகியன தூரத்துக் கூரைகளாகவே தோன்றுகின்றன. நகரின் மரபுகளைத் திருக்கோணாசல வைபவம் முதலிய நூல்களாற் பேணிய வே. அகிலேசபிள்ளை போன்ற அறிஞர் இவ்வீதிகளிலேயே வாழ்ந்தனர். அவர்தம் சொற்கள் எஞ்சின. அவர் நடந்த வீதிகளின் தோற்றம் எஞ்சவில்லை.

1942 ஏப்பிரில் 9ஆந் திகதி யப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடா விமானத் தளத்தையும் தாக்கின. இரண்டாம் உலகப்போர்க் காலத்திலே துறைமுகம் உலகின் கவனத்துக்குரியதாயிற்று. ஆனாற் போர்க்காலப் படங்களும் கப்பல்களையும் எண்ணெய்த் தாங்கிகளையும் படைவீரரையுமே பொருளாகக் கொண்டன. 1957இல் பிரித்தானியக் கடற்படை தளத்தைக் கையளித்துச் சென்றபோது, அதனோடு சேர்ந்து பல படத்தொகுதிகளும் நாட்டை விட்டு நீங்கின. இன்று திருகோணமலையின் பழைய படங்களைத் தேடுவோர் இலண்டனிலுள்ள நூலகங்களையும் அரும்பொருட்காட்சியகங்களையும் நாடவேண்டியிருப்பதற்கு இதுவே காரணம்.

மண்ணும் கடலும் தந்த சான்றுகள்

1950ஆம் ஆண்டிலே, கோட்டைக்கு அண்மையில் நகரசபையினர் கிணறு வெட்டியபோது வெண்கலத் திருமேனிகள் சில வெளிப்பட்டன. 1624இன் அழிவுக்கு அஞ்சி அடியார்கள் புதைத்து வைத்தவை அவை எனக் கருதப்படுகின்றன. மருத்துவர் வ. பாலேந்திரா 1953இல் 'தமிழ்க் கலாசாரம்' என்னும் பொருளுடைய ஆங்கில ஆய்விதழிலே அவற்றைப் பற்றி விரிவாக எழுதினார். பின்னர்த் திருமேனிகள் வழிபாட்டுக்கு எழுந்தருளின. வழிபாட்டிலுள்ள திருமேனியைப் பட்டும் மாலையும் மூடுவது மரபு. சிற்பத்தின் நிற்கும் நிலை, அணிகலன்கள், முகத்தின் அமைதி ஆகியவற்றைக் கொண்டு காலத்தைக் கணிக்க விரும்பும் ஆய்வாளனுக்கு அணி செய்யப்படாத நிலையில் எடுத்த நிழற்படமே துணையாகும். வழிபாட்டின் உரிமைக்கும் ஆய்வின் தேவைக்கும் இடையே நிழற்படம் இணக்கம் காணும் முறைக்கு இது நல்ல உதாரணம்.

1956இல் ஆதர் சி. கிளாக்கும் மைக் வில்சனும் சுவாமிமலையின் அடியிலே கடலுள் மூழ்கி ஆராய்ந்தனர். செதுக்கு வேலைப்பாடுடைய தூண்களையும் கட்டடக் கற்களையும் அவர்கள் கண்டு படமெடுத்தனர். 1957இல் வெளியான கிளாக்கின் 'தப்ரபேனின் கடற்பாறைகள்' என்னும் பொருளுடைய ஆங்கில நூலிலே அம்முயற்சி விவரிக்கப்பட்டது. கோயிலின் பகுதிகள் கடலுள் வீழ்ந்தன என ஊரார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்த செய்தி அதன்பின் மறுக்கவொண்ணாத சான்றைப் பெற்றது. மூழ்குவோர் சிலர் மட்டுமே காணக்கூடியதை யாவரும் காணச் செய்தது நிழற்படம். கோயில் மீண்டும் கட்டப்பட்டு 1963இல் குடமுழுக்குக் கண்டது. 1973இல் செ. குணசிங்கம் பேராதனையிலிருந்து 'கோணேஸ்வரம்' என்னும் ஆய்வு நூலை வெளியிட்டார். சாசனமும் சிற்பமும் கட்டட எச்சமும் இவ்வாறு ஒருங்கே நோக்கப்படும் நிலை உருவாயிற்று.

கட்டடத்தைப் பதிவு செய்யும் முறை

அழகிய படம் வேறு. சான்றாகும் படம் வேறு. கட்டடத்தைச் சான்றாகப் பதிவு செய்ய விரும்புவோர் சில விதிகளைக் கைக்கொள்ளுதல் வேண்டும்.

முதலாவது, படப்பெட்டியை நிலத்துக்குச் சமமாக வைத்தல். உயர்ந்த கட்டடத்தை அண்ணாந்து எடுத்தால் அதன் செங்குத்துக் கோடுகள் மேலே சென்று குவியும். சுவர்கள் பின்னே சாய்ந்தன போலத் தோன்றும். பழைய பெரிய படப்பெட்டிகளில் வில்லையை மட்டும் மேலே உயர்த்தும் அமைப்பு இருந்தமைக்கு இதுவே காரணம். அவ்வசதி இல்லாதோர் தொலைவிலே நின்றோ எதிர்க் கட்டடத்தின் மேல்மாடியிலே நின்றோ எடுக்கலாம். 1858இல் செருமனியிலே கட்டடக் கலைஞர் மைடன்பவர், நேரான படங்களிலிருந்து கட்டடத்தின் அளவுகளையே கணித்தெடுக்கலாம் என்னும் எண்ணத்தை முன்வைத்தார். அவரது முயற்சியின் பயனாக 1885இல் பேர்லினிலே இதற்கெனவே ஓர் அரசு நிலையம் தொடங்கியது. உலகப்போரில் இடிந்த கட்டடங்கள் சிலவற்றை மீளக் கட்டுவதற்கு அந்நிலையத்தின் படங்கள் உதவின.

இரண்டாவது, ஒளியை அறிதல். நகரை நோக்கிய கோட்டை முகப்புக்குப் பிற்பகல் ஒளியே பொருத்தமானது. கல்வெட்டுக்கோ நேரொளி பயன்படாது. பக்கவாட்டிலிருந்து சரிந்து விழும் ஒளியிலேதான் தேய்ந்த எழுத்தின் பள்ளத்திலே நிழல் தங்கும். வாயிற்றூணின் எழுத்துக்களை ஒரே படத்தில் எடுத்து முடிப்பது போதாது. ஒளி விழும் திசையை மாற்றி மாற்றிப் பல படங்கள் எடுத்தல் வேண்டும். வடகீழ்ப் பருவக்காற்று மழைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களை ஒப்பிட்டால், உப்புக்காற்றும் ஈரமும் கல்லை அரிக்கும் வேகத்தையும் அறியலாம்.

மூன்றாவது, அளவுகோலும் விபரக் குறிப்பும். படத்தினுள் ஓர் அளவுகோல் இருத்தல் வேண்டும். எடுத்த இடம், நாள், நேரம், நோக்கிய திசை ஆகியன படத்தோடு எழுதப்படவேண்டும். திகதியில்லாத படம் பாதிச் சான்றே. அத்தகைய பழைய படங்களுக்குக் காலங்காணக் கட்டடத்தின் உறுப்புக்களே உதவுகின்றன. எடுத்துக்காட்டாக, தட்டையான மங்களூர் ஓட்டை எடுத்துக்கொள்ளலாம். பாசல் மிசனரிமார் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலையை நிறுவியது 1865இல். ஆகவே அவ்வோடு வேய்ந்த கூரையைக் காட்டும் படம் அதற்கு முற்பட்டதாதல் இயலாது. அரைவட்ட ஓட்டுக்கூரை தட்டை ஓடாகவும், பின்னர்த் தகரமாகவும் மாறுவதைத் தொடர்ச்சியான படங்களிற் காணமுடியுமாயின், அது ஒரு வீதியின் பொருளாதார வரலாறாகவே அமையும்.

நான்காவது, விடாது எடுத்தல். கோயிலையும் கோட்டையையும் மட்டும் எடுத்து, இடையிலுள்ள கடையை விட்டுவிடுதல் பழைய கடற்படையினரின் குறையையே மீண்டும் செய்வதாகும். வீதியின் ஒரு முனை தொடங்கி மறுமுனை வரை இருபக்கமும் ஒவ்வொரு கட்டடத்தையும் வரிசையாக எடுத்தலே முறையான பதிவு. டிரைப் தஞ்சையிலே சாசனத்தைப் படித்த முறையில் வீதியையும் படித்தல் வேண்டும்.

அழிவும் தடையும்

1983இன் பின் தொடர்ந்த போர்க்காலத்திலே திருகோணமலை நகரம் பலமுறை எரியூட்டலையும் இடம்பெயர்வையும் கண்டது. 2004 டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை கரையோரத்தைத் தாக்கியது. இழந்த வீடுகளோடு அவ்வீடுகளின் சுவர்களிலே தொங்கிய குடும்பப் படங்களும் அழிந்தன. இவ்விழப்பின் பொருள் சிந்திக்கத்தக்கது. வெளியார் எடுக்காத வீதிப்படங்கள் எங்கேனும் எஞ்சியிருக்குமாயின், அவை திருமண ஊர்வலத்தின் பின்னணியிலும் பாடசாலைக் குழுப்படத்தின் பின்னணியிலும் தேர்த்திருவிழாப் படத்தின் ஓரத்திலுமே எஞ்சியிருக்கும். கட்டடத்தை எடுக்கும் நோக்கமின்றி எடுத்த அப்படங்களே கட்டடத்தின் நேர்மையான சாட்சிகள்.

போர் முடிந்த 2009இன் பின் அழிவு வேறு வடிவம் கொண்டது. பழைய ஓட்டுக்கூரைக் கடைகள் இடிக்கப்பட்டுக் கண்ணாடி முகப்புடைய மாடிக் கட்டடங்கள் எழுகின்றன. உரிமையாளர் வசதியை நாடுவது குற்றமன்று. இடிப்பதற்கு முன் ஒரு படமேனும் எடுத்து வைக்காமையே குறை. மறுபுறத்தே, உட்துறைமுகக் கரையிலுள்ள ஒல்லாந்தர் காலக் கட்டடமொன்று திருத்தியமைக்கப்பட்டுக் கடல்சார் அரும்பொருட்காட்சியகமாக விளங்குவது பழைய கட்டடத்துக்கு மறுவாழ்வு அளிக்கமுடியும் என்பதைக் காட்டுகிறது.

பதிவுப் பணிக்கு இன்னொரு தடையும் உண்டு. கோட்டையினுள் இராணுவத்தினர் நிலைகொண்டுள்ளனர். துறைமுகத்தின் பெரும்பகுதி கடற்படைத் தளமாகும். அவ்விடங்களிலே விரும்பியவாறு படமெடுத்தல் இயலாது. உரிய அனுமதி பெறுதல் வேண்டும். கோட்டை கட்டப்பட்ட நாளிலிருந்தே அதனை வரைவது படைத்துறைக்குரிய செயலாக இருந்து வந்துள்ளது. ஆகவே இது புதியதொரு நிலையன்று. எனினும், வரலாற்றுத் துறையினரும் தொல்பொருட்டிணைக்களமும் பல்கலைக்கழகங்களும் முறைப்படி அணுகிப் பதிவுக்கு வழிகாண்பது இயலாததுமன்று.

பதிவு செய்வோர் மனத்திற் கொள்ளவேண்டிய எச்சரிக்கையும் ஒன்றுண்டு. திருகோணமலை பல இனத்தாரும் பல சமயத்தாரும் உரிமை பாராட்டும் நகரம். கோட்டையின் எல்லைக்குள்ளேயே கோணேசர் ஆலயமும் கோகண்ண விகாரையும் உள்ளன. நகரிலே மரியன்னை பேராலயமும் பள்ளிவாசல்களும் அம்மன் கோயில்களும் அருகருகே நிற்கின்றன. ஒருசாரார் தமக்குரியதை மட்டும் படமெடுத்து மற்றையதைச் சட்டத்துக்கு வெளியே தள்ளுவாராயின், நிழற்படம் சான்றாக அமையாது வழக்குரையாகிவிடும். உரிமை பற்றிய வழக்கு எவ்வாறு முடியினும், முழுமையான பதிவு யாவருக்கும் பயன்படும். ஒருபக்கப் பதிவு அதனைச் செய்தவர்க்கும் நெடுநாட் பயன்படாது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றாற் சில உண்மைகள் பெறப்படுகின்றன. திருகோணமலையின் பழைய பெருங்கோயில் நிழற்படம் தோன்றுவதற்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்னரே அழிந்தது. அதன் வடிவத்தைப் பற்றிய நேரடிப் பதிவு அழித்தவரிடமிருந்தே வந்தது. நிழற்படம் தோன்றிய பின்னரும் படப்பெட்டி துறைமுகத்தையும் கோட்டையையும் நோக்கியதேயன்றி, மக்களின் வீதிகளை நோக்கவில்லை. 1950க்குப் பின் மண்ணிலிருந்தும் கடலிலிருந்தும் கிடைத்த பொருள்களை நிழற்படம் வரலாற்றுச் சான்றாக நிலைநிறுத்தியது. நகரின் நடுப்பகுதியோ இன்றும் முறையாகப் பதிவு செய்யப்படாதிருக்க, அதன் கட்டடங்கள் ஒவ்வொன்றாக மறைந்து வருகின்றன.

டிரைப்பும் லோட்டனும் கூடாரமும் கண்ணாடித் தகடும் சுமந்து செய்த பணியை இன்று சட்டைப்பையிலுள்ள கைத்தொலைபேசியாற் செய்யலாம். பொருட்செலவைக் காரணங்காட்டும் நிலை இன்றில்லை. வேண்டியவை ஒழுங்கும் பொறுமையும் கூட்டு முயற்சியுமே. ஒரு விடுமுறைக் காலத்திலே மாணவர் குழுவொன்று பிரதான வீதி, மத்திய வீதி, உட்துறைமுக வீதி ஆகிய மூன்றையும் கட்டடம் கட்டடமாகப் படமெடுத்து, உரிமையாளரின் இசைவோடு வீட்டின் வரலாற்றையும் கேட்டெழுதி, பழைய குடும்பப் படங்களைப் பிரதிசெய்து, அனைத்தையும் ஒன்றுக்கு மேற்பட்ட நூலகங்களிலே வைப்பிடுமாயின், அது எதிர்கால ஆய்வாளருக்குப் பெருங்கொடையாக அமையும். ஒரே இடத்தில் வைக்கப்பட்டது ஒரே இரவில் அழியக்கூடும் என்பதை 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தமை தமிழ்பேசும் மக்களுக்கு நன்கு உணர்த்தியுள்ளது.

1624இல் கோணேசர் கோயிலை வரைந்து வைத்தவன் அதன் அடியானல்லன். பிரதான வீதியின் பழைய கடைகளையும் வீடுகளையும் வரைந்து வைக்கும் பொறுப்பேனும் அவற்றிலே பிறந்து வளர்ந்தவர்களின் கையிலே இருத்தல் வேண்டும்.